‘வேண்டாதவர்’ என்றால் எதிரியா? ஒரு சொல்லின் கதை!

"அவன் எனக்கு வேண்டாதவன்"னு பேச்சுவாக்கில் சட்டுனு சொல்லிடுறோம். அப்படின்னா அவர் எதிரியா?

இல்லை. ‘வேண்டு’ என்றால் விரும்பு. நமக்கு நெருக்கமானவர் ‘வேண்டியவர்’, பிடிக்காதவர் ‘வேண்டாதவர்’. எதிரி ஆக ஏதாவது செய்திருக்கணும். வேண்டாதவர் ஆக ஒண்ணுமே செய்ய வேண்டாம், பிடிக்கலைன்னா போதும். ‘வேண்டாத பொண்டாட்டி கைபட்டா குத்தம், கால்பட்டா குத்தம்’ என்ற பழமொழி சொல்வதும் இதைத்தான். குற்றம் செயலில் இல்லை, பார்ப்பவர் மனசில்!

குறளில் இரண்டு பொருள்

திருக்குறளின் 4-வது குறளில் ‘வேண்டாமை’ என்றால் வெறுப்பு. ‘அவா அறுத்தல்’ அதிகாரத்திலோ அதே சொல்லுக்கு ஆசையின்மை என்று பொருள். அங்கே அது சிறந்த செல்வம்.

பெயரே ‘வேண்டாம்’

அடுத்தடுத்துப் பெண் பிறந்தால், அடுத்ததாவது ஆணாகப் பிறக்கட்டும் என்று மகளுக்கு ‘வேண்டாம்’ எனப் பெயர் வைக்கும் வழக்கம் திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் இருந்திருக்கிறது. பிறந்ததைத் தவிர எதுவுமே செய்யாத அந்தக் குழந்தை, பள்ளியில் தினமும் அந்தச் சொல்லுக்கு எழுந்து நின்று ‘உள்ளேன்’ சொல்லணும்.