சமவெளியிலும் மலையிலும் கோல்ப் திடல்கள்



டெனிசுக்கும் வலைப்பந்தாட்டத்துக்கும் ஆடுகளத்தின் நீள அகலங்களை விதிநூல் வரையறுத்துள்ளது. கோல்ப் ஆட்டத்துக்கு அத்தகைய வரையறை இல்லை. பதினெட்டுக் குழிகளிலும் முறையே பந்தை மிகக் குறைந்த அடிகளில் விழுத்துதல் வேண்டும். இடையே கிடக்கும் மேடு, பள்ளம், நீர், மரம் யாவும் நிலம் தந்தவை. எனவே ஒரு திடல் ஆடத்தக்கதா என ஆராயும்போது, சங்க மண்டபத்தின் சிறப்பை நோக்காது, நிலத்தின் இயல்பு ஆட்டத்திலே புலப்படுகின்றதா என்பதையே நோக்குதல் வேண்டும். சமவெளியும் மலையும் அருகருகே அமைந்த நம் இலங்கையில் இதனை எளிதில் கண்டறியலாம்.

முதலில் கொழும்பு. 1879 ஆம் ஆண்டு தோன்றிய கொழும்பு கோல்ப் சங்கம் தொடக்கத்தில் காலிமுகத் திடலில் ஆடியது. 1896 இல் பொரளைப் பகுதியிலுள்ள இன்றைய இடத்துக்குப் பெயர்ந்தது. இங்கே நிலம் சமதளமானது. ஏற்ற இறக்கம் தராத சோதனையை நீர்நிலைகள் தருகின்றன. களனிவெளிப் புகையிரதப் பாதை திடலின் ஊடே செல்வதால், வண்டி கடக்கும்வரை ஆடுவோர் காத்திருத்தல் வேண்டும். வெப்பமும் ஈரமும் மிக்க இத்திடலில் காலை வேளையே ஆடுவதற்கு உகந்தது.

கண்டிக்கு அப்பால், திகனைக்கு அண்மையில் விக்டோரியாத் திடல் உள்ளது. மகாவலியை மறித்துக் கட்டிய விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையிலே இது 1999 இல் திறக்கப்பட்டது. மூன்றனுள் வயதில் இளையது இதுவே. சரிவிலே நின்று அடிப்பவர்க்குத் தம் பாதங்கள் ஒரே மட்டத்தில் அமைவது அரிது. தொலைவை அளந்தாற் போதாது, சரிவையும் அளத்தல் வேண்டும். காட்சியழகில் இதற்கே முதலிடம் தருவேன்.

இறுதியாக நுவரெலியா. 1889 இல் தோன்றிய சங்கத்தின் இத்திடல் 6,000 அடிக்கு மேற்பட்ட உயரத்திலே, நகரின் நடுவே கிடக்கின்றது. அங்கு காற்றின் அடர்த்தி குறைவு. ஆதலின் பந்துக்குத் தடையும் குறைவு. கொழும்பில் 150 யார் செல்லும் அடி அங்கே ஏறக்குறையப் பத்திலொரு பங்கு கூடுதலாகச் செல்லக்கூடும். குளிர் அந்த இலாபத்திற் சிறிது குறைத்துவிடும். எனினும் இருமருங்கும் மரங்கள் நெருங்கிய ஒடுங்கிய புற்பாதையில் வலிமையினும் நேர்மையே பயன் தரும். புதிதாகப் பயில்பவர்க்கும் முதியவர்க்கும் நான் முதலிற் பரிந்துரைப்பது இதனையே.

நிற்க, ஒரு வினா எழுதல் இயல்பு. பதினெட்டுக் குழித் திடலொன்றுக்கு நூறு ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டும். சிலர் ஆடுவதற்காக இத்துணை நிலத்தை ஒதுக்குதல் தகுமோ? அந்நியர் ஆட்சியில் ஐரோப்பியர் தமக்கென அமைத்துக்கொண்ட ஆட்டம் இது என்பதை மறத்தலாகாது. இன்று கட்டணம் செலுத்தி விருந்தினரும் ஆடலாம். ஆயினும் அக்கட்டணம் எளியோர்க்கு எட்டாதது. பாடசாலை மாணவர்க்கு வாரத்தில் ஒருநாளேனும் இப்புற்றரைகள் திறக்கப்படுமாயின், நிலத்தின் இயல்பை நூலிற் படிப்பதோடு அவர்கள் காலாலும் நடந்து அறிவர். அப்பொழுதே இவ்வினாவுக்குத் தக்க விடை கிடைக்கும்.