சீனி குறைந்தால் சந்தோஷப்படலாமா?



எங்கள் தெருவில் ஒரு தாய் இருக்கிறார். இருபது வருடங்களாகச் சீனி வருத்தம். ஒரு நாள் அவரது மகள் மலர்ந்த முகத்தோடு வந்து, "மௌலவி, உம்மாட சீனி நல்லாக் கொறஞ்சி போச்சு. ஊசி மருந்தப் பாதியாக்கியும் சில நேரம் மயக்கம் வருது" என்றாள். நானும் "அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். இரண்டு மாதங்களில் அந்தத் தாயின் கால்கள் வீங்கின. சோறு இறங்கவில்லை. இரத்தத்தைச் சோதித்த வைத்தியர், சிறுநீரகங்கள் பெரும்பாலும் செயலிழந்துவிட்டன என்றார்.

நாங்கள் மகிழ்ந்த அதே விடயம்தான் அபாய அறிவிப்பாக இருந்திருக்கிறது. இன்சுலினை உடலிலிருந்து அகற்றுவதில் சிறுநீரகத்துக்கும் பங்குண்டு. அது பலவீனமானால் இன்சுலினும் சில குளிசைகளும் இரத்தத்தில் நீண்ட நேரம் தங்கிவிடும். அதனால் சீனி இறங்கும். வருத்தம் சுகமானதால் அல்ல. ஆகவே சாப்பாடும் மருந்தும் மாறாமலே சீனி அடிக்கடி இறங்கினால் தாமதியாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

நமது ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 இலட்சம் நுண்ணிய வடிகள் உள்ளன. கூடிய சீனியும் பிரஷரும் வருடக்கணக்கில் அவற்றைப் பழுதாக்குகின்றன. அப்போது உடலில் தங்க வேண்டிய அல்புமின் என்ற புரதம் சிறுநீரோடு கசிகிறது. இந்தக் கட்டத்தில் வலி இல்லை, வீக்கம் இல்லை. சிறுநீரும் வழமைபோலவே போகும். கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள் பெரும்பாலும் பிந்தியே வருகின்றன.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

வுழூச் செய்யும்போது கால்களைக் கழுவுகிறோம் அல்லவா? அப்போது முழங்காலுக்குக் கீழே முன் எலும்பின் மேல் பெருவிரலால் சற்று அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து நின்றால் அது நீர் வீக்கம். ஸுபஹுக்கு எழும்பும்போது கண் இமைகள் ஊதியிருக்கின்றனவா? சிறுநீரில் நுரை கலையாமல் நிற்கிறதா? இரவில் பல தடவை எழும்ப வேண்டியிருக்கிறதா? பிரஷர் ஏறி வருகிறதா? நோய் முற்றினால் பசியின்மை, குமட்டல், உடல் அரிப்பு, களைப்பு, மூச்சு வாங்குதல் என்பனவும் வரும். இவை வேறு காரணங்களாலும் வரலாம். கால் வீக்கம் இருதய நோயிலும் உண்டு. முடிவு சொல்ல வேண்டியவர் வைத்தியரே.

அடையாளத்துக்குக் காத்திராதீர்கள்

வருடத்துக்கு ஒரு தடவை இரண்டு சோதனைகள் தேவை. ஒன்று, சிறுநீரில் அல்புமின் அளவு. ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் குறைவாக இருப்பது நல்லது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று போன்றவற்றாலும் இது கூடலாம் என்பதால் மீண்டும் பார்த்தே உறுதி செய்வார்கள். மற்றது, இரத்தத்தில் கிரியேட்டினின். அதைக்கொண்டு சிறுநீரகம் வடிக்கும் வேகத்தைக் கணக்கிடுவார்கள். அது மூன்று மாதங்களுக்கு மேல் 60க்குக் கீழே நின்றால் சிறுநீரக நோய் என்பர். பெரியவர்களுக்குப் பொதுவாக வரும் சீனி வருத்தத்தில், அது கண்டுபிடிக்கப்பட்ட நாளிலிருந்தே இச்சோதனைகள் வேண்டும். ஆரம்பத்தில் தெரிந்தால் சிறுநீரகத்தைக் காக்கும் மருந்துகள் இன்று உண்டு.

கருவாடு, அச்சாறு போன்ற உப்புக் கூடியவற்றைக் குறையுங்கள். மூட்டு வலிக்கென்று பார்மசியில் நீங்களாகவே டைக்ளோபினாக், இபுபுரூபன் வாங்கிக் கொடுக்காதீர்கள். சீனிக்கு நல்லதென்று காமரங்காச் சாறும் பிலிங்காய்ச் சாறும் குடித்துச் சிறுநீரகம் பழுதானவர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். சிறுநீரக நோயுள்ளவர்கள் நோன்பு பற்றி ரமழானுக்கு முன்பே வைத்தியரிடம் கேளுங்கள். நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகையை ஏற்பது குறையல்ல.

அந்தத் தாய் இப்போது கிழமைக்கு இரண்டு நாள் இரத்தம் சுத்திகரிக்கப் போய் வருகிறார். அவரது மகள் சொன்னாள்: "அவட கிளினிக் கொப்பிய நாங்க ஒரு நாளும் விரிச்சிப் பார்க்கல்ல."

இன்று உங்கள் வீட்டுக் கொப்பியை விரித்துப் பாருங்கள். கடைசியாக அல்புமின் பார்த்தது எப்போது? எழுதப்படவில்லையென்றால் அடுத்த கிளினிக்கில் கேளுங்கள். மாமியின் காலையும் கணவனின் காலையும் பார்க்கும் நீங்கள், சீனி உங்களுக்கும் இருந்தால் உங்கள் காலையும் பார்க்க மறந்துவிடாதீர்கள்.