ஆயில் சம்ப்புக்கு பேஸ்ட்: அதிகம் போட்டால் ஆபத்து!



சேத்தூர் வட்டாரத்தில் மாங்காய், தேங்காய் ஏற்ற லோடு வண்டிதான் கை கொடுக்கிறது. 2005-ல் வந்த டாடா ஏஸ், அதாங்க நம்ம ‘குட்டி யானை’, தோப்புப் பாதையிலும் ஓடுகிறது. வண்டி வீட்டுக்காரர் பெயரில் இருந்தாலும், குழுக் கடனில் எடுத்திருந்தால் தவணைக்குப் பதில் சொல்வது நாம்தானே? அதனால் இந்த விஷயம் நமக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கி நிற்கும் தொட்டிதான் ஆயில் சம்ப். கல்லில் அடிபட்டாலோ, கசிந்தாலோ அதைக் கழற்றி மாட்டுவார்கள். அப்போது கசியாமல் இருக்க பேக்கிங் அல்லது சிலிகான் பேஸ்ட் வைப்பார்கள்.

“நிறைய அப்பினால் கசியாது” என்று நினைப்பது தவறு. கூடுதல் பேஸ்ட் உள்பக்கம் பிதுங்கி, துண்டு துண்டாக ஆயிலில் விழும். ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு சல்லடை உண்டு. அது அடைபட்டால் ஆயில் மேலே ஏறாது. பேரிங் தேய்ந்து இன்ஜினே சீஸ் ஆகிவிடும். வண்டி நின்றால் வருமானம் நிற்கும், தவணை நிற்காது!

கவனிக்க வேண்டியவை:

1. இன்ஜினுக்கென்றே உள்ள, ஆயில் தாங்கும் ஆர்.டி.வி. சிலிகான் பேஸ்ட் வாங்குங்கள். ஜன்னல் கண்ணாடிக்குப் போடும், வினிகர் போலப் புளித்த வாடை அடிக்கும் சிலிகான் வேண்டாம். அது உலோகத்தை அரிக்கும்.

2. ரப்பர் பேக்கிங் உள்ள வண்டிக்கு, கம்பெனி சொன்ன மூலைகளில் மட்டும் பேஸ்ட் போதும்.

3. பழைய பேஸ்ட்டைச் சுத்தமாக எடுத்து, ஆயில் பிசுக்கு இல்லாமல் துடைத்து, காயவிட வேண்டும். பிசுக்கு இருந்தால் எந்தப் பேஸ்ட்டும் ஒட்டாது.

4. ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கனத்தில், விட்டுப்போகாமல் ஒரே கோடாக, போல்ட் துளைகளுக்கு உள்பக்கமாகப் போட வேண்டும்.

5. பேஸ்ட் காய்வதற்குள் சம்ப்பை மாட்டி, போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். ஒரேயடியாக முடுக்கினால் தகடு வளையும்.

6. பேஸ்ட் காற்றிலுள்ள ஈரத்தால்தான் இறுகும். டியூபில் போட்டிருக்கும் நேரம் வரை பொறுத்து ஆயில் ஊற்றச் சொல்லுங்கள். முழுதாக இறுக பெரும்பாலும் 24 மணி நேரம் ஆகும். ‘அவசர லோடு’ என்று மெக்கானிக்கை விரட்டாதீர்கள்.

வேலை முடிந்ததும் இன்ஜினை ஓடவிட்டு அடியில் கசிவு பாருங்கள். ஓடும்போது ஆயில் விளக்கு எரிந்தால் உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணைக்க வேண்டும். இதை வண்டி ஓட்டுபவரிடம் இன்றே சொல்லி வையுங்கள். அடுத்த குழுக் கூட்டத்திலும் வாசித்துக் காட்டுங்கள், சகோதரிகளே!