அளந்து வாங்குவோம்

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. ஆற்றில் போடுவதற்கே அளவு வேண்டுமென்றால், காசு கொடுத்து வாங்கும் பொருளுக்கு எவ்வளவு கவனம் வேண்டும்! தரைக்கு விரிக்கும் கம்பளம் அத்தகைய ஒரு பொருள். சுருளிலிருந்து வெட்டிய கம்பளத்தைக் கடைக்காரர் திரும்ப வாங்கமாட்டார். குறைந்துபோனால் மானாம்பதியிலிருந்து மறுபடி காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏறவேண்டும். அப்போது அதே நிறம் கிடைக்கும் என்பதும் நிச்சயமில்லை.

நம் பள்ளியின் எல்.கே.ஜி. குழந்தைகள் தரையில் அமர்ந்து பாட்டும் கதையும் கற்கிறார்கள். மார்கழியில் சிமெண்டுத் தரை சில்லிட்டுப் போகும். பெற்றோர் மனமுவந்து கொடுத்த பணத்தில் அந்த அறைக்குக் கம்பளம் வாங்குவதென்று முடிவானபோது, அளக்கும் பொறுப்பு பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களுக்குக் கிடைத்தது. ஒவ்வொரு ரூபாயும் ஒரு வீட்டின் உழைப்பு என்பதை மனத்தில் கொண்டு வேலையைத் தொடங்கினோம்.

முதலில் கருவி. தையல்காரரின் துணி டேப் நாளடைவில் இழுபட்டு நீளும். ஆகவே இரும்பு டேப்பே நல்லது. ஒரு முனையை ஒருத்தி சுவரோடு சேர்த்துப் பிடிக்க, மற்றவள் டேப்பைத் தொய்வின்றி இழுத்துப் படிக்கவேண்டும். மூன்றாமவள் உடனே எழுதிக்கொள்ளவேண்டும்.

அகலத்தை ஓரிடத்தில் மட்டும் அளந்தால் போதாது. இரு கோடிகளிலும் நடுவிலும் ஆக மூன்று இடங்களில் அளந்தோம். 13 அடி 10 அங்குலம், 13 அடி 11 அங்குலம், 14 அடி என்று வந்தது. பூச்சு பூசிய சுவர் எங்கும் ஒரே சீராக இருப்பதில்லை. இவற்றுள் பெரிய அளவையே எடுத்துக்கொள்ள வேண்டும். மிகுதியை வெட்டலாம், குறைவை வளர்க்க முடியாது. நீளம் 20 அடி.

எதிரெதிர் மூலைகளையும் அளந்து பார்ப்பது நல்லது. பிதாகரஸ் தேற்றப்படி, நான்கு மூலையும் செங்கோணமாக உள்ள 20 அடிக்கு 14 அடி அறையில் மூலைவிட்டம் சுமார் 24 அடி 5 அங்குலம். இரண்டு மூலைவிட்டங்களும் வேறுபட்டால் அறை கோணலாக உள்ளது என்று பொருள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 14 அடி 6 அங்குலத்தைத் தசமத்தில் 14.6 என்று எழுதக்கூடாது. ஓர் அடிக்கு 12 அங்குலம். ஆகவே அது 14.5 அடி.

இனி கணக்கு. 20 × 14 = 280 சதுர அடி. கடையில் உள்ள சுருளின் அகலம் 6 அடி. 280-ஐ 6-ஆல் வகுத்து, "47 அடி நீளம் வாங்கினால் போதும்" என்று சொல்லத் தோன்றும். பரப்பளவுப்படி அது சரியே. ஆனால் கம்பளம் தண்ணீரல்லவே, எல்லா இடத்திலும் தானாகப் பரவுவதற்கு! அது 6 அடி அகலப் பட்டையாகத்தான் வரும். பட்டைகளை எந்தத் திசையில் போடுவது என்பதே கேள்வி.

அறையின் நீளவாக்கில் போட்டால், 14 அடி அகலத்தை மூட மூன்று பட்டைகள் வேண்டும். ஓரம் வெட்டுவதற்காக ஒவ்வொன்றிலும் அரை அடி கூட்டினால், 3 × 20½ = 61½ அடி. குறுக்குவாக்கில் போட்டால் நான்கு பட்டைகள்; 4 × 14½ = 58 அடி. அதே அறை, அதே சுருள். திசையை மாற்றியதும் 3½ அடி மிச்சம். ஓர் அடி நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 350 ரூபாய்!

மூன்றாவது வழியும் உண்டு. குறுக்குவாக்கில் நான்காம் பட்டையில் 2 அடி அகலம் மட்டுமே தேவை. ஆகவே 4 அடி 10 அங்குல நீளத் துண்டு ஒன்றை 2 அடி அகலமாக மூன்றாகக் கிழித்து, ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் 14½ அடி வந்துவிடும். மொத்தம் 48 அடி 4 அங்குலமே செலவாகும். ஆனால் கூடுதலாக இரண்டு ஒட்டுகள் விழும். ஒட்டு பிரிந்தால் ஓடியாடும் சிறு பாதங்கள் தடுக்கும். ஆதலால் 58 அடி வழியையே எழுதிக் கொடுத்தோம். மீதமாகும் 4 அடி அகலப் பட்டையும் வீணல்ல. கதை கேட்கும் நேரத்தில் தாழ்வாரத்தில் விரிக்கலாம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கம்பளத்தைக் கையால் தடவினால் ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் சொரசொரப்பாகவும் இருக்கும். எல்லாப் பட்டைகளும் ஒரே திசையில் அமையாவிட்டால் நிறம் மாறித் தெரியும். கதவு உட்பக்கம் திறந்தால் அதன் அடியில் உள்ள இடைவெளியையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சுவருக்குச் சுவர் விரிப்பு வேண்டாதவர்களுக்கு, 2005-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பவானி ஜமக்காளம் இருக்கிறது. குறிப்பிட்ட அளவுகளில் நெய்து வருவதால் வெட்டும் வேலையே இல்லை. உட்காரும் இடத்தை மட்டும் அளந்தால் போதும்.

அறை சதுரமாகவோ நீள்சதுரமாகவோ இல்லாவிட்டால் என்ன செய்வது? 2023-ஆம் ஆண்டு மே மாதம் திறக்கப்பட்ட புதிய பாராளுமன்றக் கட்டடம் இதற்கு விடை தருகிறது. அதன் இரு அவைகளுக்கும் உத்தரப் பிரதேசத்தின் பதோஹி, மிர்சாப்பூர் பகுதிகளைச் சேர்ந்த சுமார் 900 கைவினைஞர்கள் கம்பளம் நெய்தார்கள். 150-க்கும் மேற்பட்ட துண்டுகளாக நெய்து, அரைவட்ட வடிவில் இணைத்தார்கள். ஒவ்வொரு துண்டும் அளவில் பிசகாதிருந்தால்தானே இணைப்புச் சரியாக வரும்!

மக்களவைக்கு மட்டுமா அளவு? நமக்கு அருகேயுள்ள உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளின் பராந்தக சோழன் கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தல் முறையைக் கூறுகின்றன. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவர் என்பது உறுப்பினருக்குரிய தகுதிகளில் ஒன்று. நிலத்தைச் சரியாக அளக்காமல் இவ்விதியை எப்படி நடத்தியிருக்க முடியும்?

தோழியரே! பரப்பளவுச் சூத்திரம் தேர்வுக்கு மட்டும் உரியதன்று. அது பாதி விடையைத் தரும். பொருள் எந்த உருவில் விற்கப்படுகிறது என்று கேட்டறிந்தால்தான் மீதி விடை கிடைக்கும். அடுத்த முறை வீட்டில் பாயோ திரைச்சீலையோ வாங்கும்போது, கட்டத்தாளில் ஒரு கட்டத்துக்கு ஓர் அடியாக அறையை வரைந்து, இரு திசையிலும் கணக்குப் போட்டு அப்பா அம்மாவிடம் காட்டுங்கள். அளந்து வாங்குவோம், பிறர் உழைப்பை மதிப்போம்!