கணினிக்குத் தண்ணீர்க் குளிர்ச்சி: வாங்கும் முன் வரைந்து பாருங்கள்

மேசைக் கணினிக்குள் நீங்களே குழாய் போட்டுத் தண்ணீர் ஓடவிடப் போகிறீர்களா? முதலில் உங்கள் பெட்டியின் உள்பக்கத்தை ஒரு தாளில் அளவோடு வரையுங்கள். பின்னால் வரும் தொல்லைகளில் பல அங்கேயே தெரிந்துவிடும்.

என்னென்ன வேண்டும்? ப்ராசஸர் மேல் உட்காரும் வாட்டர் பிளாக் (சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் செம்புக் கட்டை), பம்ப், ரிசர்வாயர் (தண்ணீர் ஊற்றும் சிறு தொட்டி), ரேடியேட்டர் (சூட்டைக் காற்றில் விடும் தகட்டு அடுக்கு), விசிறிகள், குழாய், அதை இணைக்கும் ஃபிட்டிங். கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்தால் அதற்குத் தனி பிளாக். அது பெரும்பாலும் அந்த மாடலுக்கு மட்டுமே பொருந்தும். நாளை கார்டை மாற்றினால் அந்தச் செலவு மறுபடியும் வரும்.

ரேடியேட்டர் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? குளிர வேண்டிய ஒவ்வொரு பாகத்துக்கும் 120 மி.மீ. விசிறி ஒன்றின் அளவு, கூடுதலாக இன்னொன்று என்பது பழைய கணக்கு. 450 வாட் வரை இழுக்கும் கார்டுகள் வந்துவிட்ட பிறகு அது போதாது. அப்படிப்பட்ட கார்டும் ப்ராசஸரும் சேர்ந்தால் 360 மி.மீ. ரேடியேட்டர் இரண்டு வையுங்கள். விசிறிகள் மெதுவாகச் சுற்றும், இரைச்சல் குறையும். தடிமனையும் பாருங்கள். 30 மி.மீ. ரேடியேட்டரோடு 25 மி.மீ. விசிறி சேர்ந்தால் 55 மி.மீ. மேல்புறத்தில் அது ரேம் மீது இடிக்கலாம்.

இத்தனை செய்தால் கணினி ஜில்லென்று ஆகிவிடுமா? ஆகாது. அறை 35 டிகிரி என்றால் தண்ணீரும் அதற்குக் கீழே இறங்காது.

எதன்பின் எதை இணைப்பது? கட்டாயம் ஒன்றுதான்: தொட்டியிலிருந்து தண்ணீர் நேரே பம்புக்கு இறங்க வேண்டும். வறண்டு ஓடினால் பம்ப் கெட்டுவிடும். மற்றவற்றைக் குழாய் குறைவாக வளையும்படி எப்படியும் இணைக்கலாம். தண்ணீர் வேகமாகச் சுற்றுவதால் இடத்துக்கு இடம் சூடு அதிகம் மாறாது.

குழாய்த் தண்ணீர் ஊற்றலாமா? வேண்டவே வேண்டாம், உப்பு படியும். இதற்கென விற்கும் குளிர்திரவம் நல்லது. இல்லையேல் காய்ச்சி வடித்த நீரில் பாசியையும் அரிப்பையும் தடுக்கும் மருந்து கலந்து ஊற்றுங்கள். செம்பு பிளாக்கோடு அலுமினிய ரேடியேட்டரை மட்டும் சேர்க்காதீர்கள். ஒரே நீரில் இரண்டும் இருந்தால் அலுமினியம் அரித்துப்போகும்.

பலரும் மறப்பது, தண்ணீரை வெளியே எடுக்கும் வழி. ஏறக்குறைய ஆண்டுக்கொரு முறை திரவத்தை மாற்ற வேண்டும். கார்டு பழுதானாலும் முதலில் தண்ணீரை வடிக்க வேண்டும். மிகத் தாழ்வான இடத்தில் ஒரு மூன்று வழி ஃபிட்டிங்கும் சிறு வால்வும் வரைந்துகொள்ளுங்கள். அவை இல்லாவிட்டால் கனமான பெட்டியைச் சாய்த்துச் சாய்த்து வடிக்க நேரும். முதல் முறை செய்பவர்களுக்கு வளையும் ரப்பர் குழாயையே சொல்வேன். கெட்டிக் குழாய் பார்க்க அழகுதான். ஆனால் சூடாக்கி வளைத்து அளந்து வெட்ட வேண்டும், தவறினால் வேறு துண்டுதான்.

கசிந்தால்? அதற்காகத்தான் முதல் ஓட்டத்தில் பம்புக்கு மட்டும் மின்சாரம். மதர்போர்டுக்கும் கார்டுக்கும் போகும் வயர்களைக் கழற்றிவிட்டு, பவர் சப்ளையைத் தனியே இயக்கும் ஜம்பரைச் (அதன் செருகியில் மாட்டும் சிறு இணைப்பு) செருகுங்கள். ஒவ்வொரு இணைப்பின் கீழும் டிஷ்யூ தாள் வைத்து ஒரு முழு நாள் ஓடவிடுங்கள். தாள் எல்லாம் உலர்ந்தே இருந்தால் வயர்களைத் திரும்ப மாட்டலாம்.