விண்ணப்பம் கொடுத்தும் பதில் வரவில்லையா?

"கொடுத்து எட்டு மாசமாச்சுங்க, இன்னும் ஒரு பதிலும் இல்லை." பசறை, லுணுகலை, ஹப்புத்தளை என்று எந்தப் பக்கத் தோட்டத்துக்குப் போனாலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். அடையாள அட்டை இல்லாவிட்டால் பிள்ளை சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகும்போது சிக்கல். வயதான அம்மா சேமலாப நிதிக் காசை எடுக்கப் போனாலும் சிக்கல்தான்.

தாமதம் நமக்குப் புதிதல்ல. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நம் மக்களில் பெரும்பாலோர் நாடற்றவர்களானார்கள். 1949ஆம் ஆண்டு இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ், 1951 ஆகஸ்ட் 5க்குள் சுமார் 8 லட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. 1964 வரை காத்திருந்தும் பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்குத்தான். அந்த ஆண்டு அக்டோபர் 30ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றதும், இந்திய பாஸ்போர்ட் எடுத்திருந்த பல குடும்பங்கள் இங்கேயே தங்கிவிட்டன.

இந்தக் கதைக்கு முடிவு கட்டியது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்து வரும் இந்திய வம்சாவளியினரும், இங்கே வசிக்கும் அவர்களின் சந்ததியாரும் இலங்கைப் பிரஜைகள். பாஸ்போர்ட் வைத்திருந்தவர்களும் விருப்பப் பிரகடனம் கொடுத்துப் பிரஜையாக வழி செய்யப்பட்டது. ஆகவே இன்று நம்மில் பலருக்குத் தடையாக நிற்பது உரிமை இல்லாமை அல்ல, பத்திரம் இல்லாமைதான்.

அதற்கு என்ன செய்யலாம்?

1. பிறப்புப் பத்திரம்தான் அடிப்படை. பிறந்து மூன்று மாதம் தாண்டியும் பதியாவிட்டால், பிறந்த இடத்துக்குரிய பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பாடசாலைச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, ஞானஸ்நானப் பத்திரம், பெற்றோரின் விவாகப் பத்திரம் என்று இருப்பதையெல்லாம் எடுத்துப் போங்கள்.

2. பேரைப் பாருங்கள். ஒரு பத்திரத்தில் முத்தம்மா, இன்னொன்றில் முத்தம்மாள் என்றிருந்தால் அதுவே விண்ணப்பத்தை நிறுத்திவிடும். கொடுக்கும் முன்பே பதிவாளரிடம் காட்டி, திருத்தம் வேண்டுமா, சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி போதுமா என்று கேளுங்கள்.

3. அடையாள அட்டை விண்ணப்பத்தைத் தோட்டத்தில் துரை அத்தாட்சிப்படுத்தலாம். 15 வயதானதும் பிள்ளைக்கு எடுத்துவிடுங்கள். படிக்கும் பிள்ளைக்குப் பாடசாலை அதிபர் மூலம் அனுப்பலாம்.

4. எதைக் கொடுத்தாலும் பிரதி எடுத்து வையுங்கள். பற்றுச்சீட்டு கேட்டு வாங்குங்கள். தபாலில் அனுப்பினால் பதிவுத் தபாலில் அனுப்பித் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். கொடுத்த திகதி, கந்தோர், வாங்கியவரின் பதவி மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

5. தாமதமானால் சும்மா இருக்க வேண்டாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, அந்தக் கந்தோரின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். "எனது விண்ணப்பம் எந்த நிலையில் உள்ளது? என்ன பத்திரம் குறைவு?" இந்த இரண்டு கேள்வி போதும். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம், கடைசியில் தகவல் ஆணைக்குழு வரை போகலாம். கடிதத்தைத் தமிழில் எழுதலாம். தமிழிலேயே பதில் கேட்பதும் உங்கள் உரிமை.

6. "காசு கொடுத்தால் நாளைக்கே முடித்துத் தாரேன்" என்று வரும் புரோக்கரிடம் மூலப் பத்திரத்தைக் கொடுக்காதீர்கள். போனால் போனதுதான்.

இன்னொரு விசயம். தாத்தாவின் பிரஜாவுரிமைப் பத்திரம், பழைய பாஸ்போர்ட், அரிசிக் கூப்பன் எதுவானாலும் கிழிந்ததென்று அடுப்பில் போடாதீர்கள். 1964இல் நம் குடும்பம் இங்கேதான் இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. இன்று இரவே டிரங்குப் பெட்டியைத் திறந்து, கிடைப்பதையெல்லாம் ஒரே பையில் போட்டு, மழை ஒழுகாத இடத்தில் வையுங்கள். ஒரு நாள் பேர் போனாலும் பரவாயில்லை என்று கந்தோருக்குப் போகிறோம். அந்த நாள் வீணாகாமல் இருக்க வேண்டுமே.