இல்லையா, பார்க்க முடியவில்லையா?

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகப் பாப்பிரெட்டிப்பட்டித் தெரு ஒன்றில் ஓர் ஆசிரியை வீடு வீடாகப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வீட்டில் ஓர் அம்மா வந்து எல்லா விவரமும் சொல்கிறார். இரண்டாவது வீட்டின் ஓடுகள் சரிந்து கிடக்கின்றன, யாரும் குடியில்லை. மூன்றாவது வீட்டில் பூட்டு தொங்குகிறது. “பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருக்காங்க டீச்சர், பண்டிகைக்குத்தான் வருவாங்க” என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

இரண்டாவது வீட்டிலும் மூன்றாவது வீட்டிலும் ஆசிரியைக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. ஆனாலும் இரண்டையும் அவர் ஒன்றாக எழுத மாட்டார். 2011 கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியலில் காலி வீடு தனி, ஆள் குடியிருந்தும் பூட்டிக் கிடக்கும் வீடு தனி. இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டால், உயிரோடு உழைத்துக்கொண்டிருக்கும் ஒரு குடும்பம் தாளிலிருந்து காணாமல் போய்விடும்.

இதே தெருவைத்தான் நம் கணினிகளும் கைப்பேசிகளும் நொடிதோறும் நடந்து கடக்கின்றன. ஒரு ஃபோல்டரைத் திறந்து, உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வருவது புரோகிராம்கள் அன்றாடம் செய்யும் வேலை. மிக எளிய வேலை போலத் தோன்றும் அதற்குள் பூட்டிய வீட்டுச் சிக்கல் ஒளிந்திருக்கிறது.

திரையில் மஞ்சள் பை போலத் தெரியும் ஃபோல்டருக்குள் உண்மையில் ஃபைல்கள் கிடையாது. அது ஒரு பதிவேடு மட்டுமே. 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பில் அந்தப் பதிவேட்டின் ஒவ்வொரு வரியும் சரியாக 16 பைட் நீளம். முதல் 2 பைட்டில் ஓர் எண், மிச்சம் 14 பைட்டில் ஃபைலின் பெயர். அந்த எண்ணைக் கொண்டுதான் ஃபைல் வட்டில் எங்கே இருக்கிறது என்று தேடிப் போக வேண்டும். ஃபைலை அழித்தால் எண் பூஜ்யமாகும், வரி அப்படியே கிடக்கும். பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டுத் தாளைக் கிழிக்காமல் விடுவது போலத்தான். ‘பாப்பிரெட்டிப்பட்டி’ என்ற பத்தெழுத்துப் பெயருக்கு இன்றைய யுனிகோடு முறையில் (யூடிஎஃப்-8) 57 பைட் வேண்டும். அன்றைய வரியில் அது அடங்கியிருக்காது. இன்றைய லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு பெயருக்கு 255 பைட் வரை இடம் உண்டு.

1983இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் 4.2 பதிப்பு யூனிக்ஸ் நீளமான பெயர்களுக்கு இடம் கொடுத்தது. வரிகளின் நீளம் ஒன்றுக்கொன்று மாறியது. அதனால் புரோகிராம்கள் பதிவேட்டைத் தாங்களே புரட்டுவதை விட்டுவிட்டு, ஓர் எழுத்தரிடம் கேட்டுக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. அந்த எழுத்தரின் பெயர் ‘ரீட்-டிர்’. ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் அடுத்த பெயரைக் கொடுப்பார். அகர வரிசையை எதிர்பார்க்கக் கூடாது, பதிவேட்டில் கிடைத்த வரிசையில்தான் வரும். நாம் வாசித்துக்கொண்டிருக்கும்போதே யாராவது புதிய ஃபைல் ஒன்றைச் சேர்த்தால், அந்தப் பெயர் வந்தாலும் வரும், வராமலும் போகும்.

பெயர்கள் தீர்ந்ததும் எழுத்தர் வெறுங்கையோடு திரும்புவார். அதுதான் ‘முடிந்தது’ என்பதற்கு அடையாளம். ஆனால் நடுவழியில் வட்டு பழுதானாலும், நெட்வொர்க் அறுந்தாலும்கூட அவர் அதே வெறுங்கையோடுதான் திரும்புவார். தமிழில் ‘முடியவில்லை’ என்றால் வேலை இன்னும் தீரவில்லை என்றும் பொருள், என்னால் இயலவில்லை என்றும் பொருள். சொல்பவரின் முகத்தைப் பார்த்து எது என்று நாம் புரிந்துகொள்கிறோம். எழுத்தரின் வெறுங்கையில் புரோகிராமுக்கு அப்படி ஒரு முகம் தெரிவதில்லை.

வேறுபாட்டை அறிய ஒரே வழி, பக்கத்தில் தொங்கும் ‘எர்நோ’ என்ற பிழைப் பலகை. பிழை நேர்ந்தால் அதில் ஓர் எண் விழும். லினக்ஸில் 5 என்றால் படிப்பதில் கோளாறு. சரியாக முடிந்தால் எழுத்தர் பலகையைத் தொடவே மாட்டார். முன்பு எப்போதோ நடந்த பிழையின் எண் அங்கே அழியாமல் கிடக்கலாம். ஆகவே ஒவ்வொரு முறையும் பலகையைத் துடைத்துப் பூஜ்யமாக்கிவிட்டுத்தான் அவரைக் கூப்பிட வேண்டும். அவர் வெறுங்கையோடு வந்தால் பலகையைப் பார்க்க வேண்டும். பூஜ்யமாகவே இருந்தால் பட்டியல் முழுமை, எண் விழுந்திருந்தால் அரைகுறை. துடைக்க ஒரு வரி, பார்க்க ஒரு வரி, அவ்வளவுதான் எழுத வேண்டும். அந்த இரண்டு வரிகளை எழுதாமல் விட்ட புரோகிராம், பாதித் தெருவோடு திரும்பி வந்து ஊர் முழுவதையும் எண்ணிவிட்டதாக நம்பும்.

நம்பினால் என்ன கெட்டுவிடும்? நகல் காப்பு எடுக்கும் புரோகிராமை எடுத்துக்கொள்வோம். மூலத்தில் இல்லாத ஃபைல்களை நகலிலிருந்தும் அழித்து, இரண்டையும் ஒன்றுபோல வைத்திருக்கச் சொல்லியிருக்கிறோம். ஒரு நாள் மூல வட்டு பாதியில் மூச்சை நிறுத்துகிறது. வட்டு கெடும் நாளுக்காகத்தானே நகல் எடுத்தோம்? அதே நாளில், ‘மூலத்தில் இவை இல்லை’ என்று முடிவுகட்டி, மிஞ்சிய ஒரே பிரதியையும் புரோகிராம் அழித்துவிடலாம். ஆண்ட்ரூ ட்ரிஜெல்லும் பால் மெக்கராஸும் 1996இல் வெளியிட்ட ‘ஆர்சிங்க்’ என்ற நகலெடுக்கும் புரோகிராம் இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறது. மூலத்தைப் படிப்பதில் சிறு கோளாறு தென்பட்டாலும் அது அழிக்கும் வேலையைத் தானாகவே நிறுத்திக்கொள்ளும். புரோகிராம் எழுதுவதில் நான் கண்ட பண்பட்ட முடிவுகளில் இது ஒன்று. பைத்தான் மொழியில் ஃபோல்டர்களை அடுக்கடுக்காகச் சுற்றிவரும் ‘ஓஎஸ்-வாக்’ இதற்கு நேர்மாறு. திறக்க முடியாத ஃபோல்டர் எதிர்ப்பட்டால், நாம் தனியாகக் கேட்டுக்கொண்டால் ஒழிய, ஒரு வார்த்தையும் சொல்லாமல் தாண்டிப் போய்விடும். எனக்கு இதில் உடன்பாடில்லை. ரஸ்ட் மொழியில் ஒவ்வொரு பெயரும் ‘பெயர் அல்லது பிழை’ என்ற உறைக்குள் வருகிறது, பிரித்துப் பார்க்காமல் பெயரைத் தொட முடியாது.

பழுதே இல்லாமலும் பொய்யான ‘இல்லை’ வரும். பாப்பிரெட்டிப்பட்டிக்காரர்கள் ரயில் ஏறப் போகும் பொம்மிடியைப் பாருங்கள். அதன் முதல் எழுத்தான ‘பொ’வை யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாக வைக்கலாம், தனித்தனி இரண்டு குறிகளாகவும் வைக்கலாம். முதல் வகையில் பெயர் 24 பைட், இரண்டாவதில் 27. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைகளோ பெயரை வெறும் பைட் வரிசையாகத்தான் ஒப்பிடும். ஒரு வகையில் சேமித்துவிட்டு மறு வகையில் தேடினால், கண்ணெதிரே ஃபைல் இருக்கும்போதே ‘இல்லை’ என்று சொல்லும். ஒரே ஃபோல்டரில் இரண்டு ‘பொம்மிடி’ அருகருகே இருக்கவும் முடியும். தேடும் முன் இரு வடிவத்தையும் ஒன்றாக்கிக்கொள்வதே இதற்கு மருந்து. தமிழ்ப் பெயர்களைக் கையாளும் எந்தப் புரோகிராமும் இதைச் செய்தே ஆக வேண்டும்.

இருப்பதை ‘இல்லை’ என்று காட்டும் இதே கதை உலகளவிலும் நடந்தது. 2025 அக்டோபர் 20, தீபாவளியன்று நண்பகல் கடந்த வேளையில், உலகெங்கும் பல செயலிகள் முடங்கின. வர்ஜீனியாவில் உள்ள அமேசானின் ‘டைனமோ-டிபி’ என்ற தரவுச் சேவைக்கு இணையத்தின் முகவரிப் பதிவேட்டில் ஒரு பெயர் உண்டு. அந்தப் பதிவைப் பராமரிக்கும் தானியங்கிகள் இரண்டு ஒன்றோடொன்று மோதியதில், பெயருக்கு எதிரே இருந்த முகவரிகள் எல்லாம் அழிந்து வெற்றிடம் மட்டும் மிஞ்சியது. கதவைத் தட்ட முகவரி கிடைக்காமல் மற்ற புரோகிராம்கள் திகைத்து நின்றன.

ரேஷன் கடையில் கைரேகை விழாதபோதும், மருத்துவமனைக் கவுன்டரில் பழைய பதிவைத் தேடும்போதும், பட்டா பார்க்கும்போதும் நம் காதில் விழுவது ‘இல்லைங்க’ என்ற ஒரு சொல்தான். சர்வர் பேசாததும் பெயர் பதிவில் இல்லாததும் வேறு வேறு. முதலாவதற்குக் கொஞ்சம் பொறுத்து மறுபடி பார்த்தால் போதும். இரண்டாவதற்கு மனு எழுத வேண்டும். புரோகிராம் எழுதும் தம்பி, தங்கைகளே, திரையில் இந்த இரண்டையும் தனித்தனிச் சொற்களில் காட்டுங்கள். வரிசையில் நிற்பவர்களே, அடுத்த முறை ‘இல்லை’ என்று கேட்டதும் திரும்பிவிடாமல் ஒரு கேள்வி கேளுங்கள்: “பேரு இல்லையா, இல்ல பார்க்க முடியலையா?”